வீட்டிற் செய்த விண்வெளிக் கவசம்



கன்னன் கவசத்தோடு பிறந்தான் என்பது பாரதக் கதை. அக்கவசத்தை எந்த அம்பும் துளைக்காது என்பதையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். அதற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது உடலோடு கூடவே வளர்ந்த கவசம். ஆதலால் அது தோளில் உராய்ந்திராது, அக்குளை அறுத்திராது, குனியும்போது வயிற்றில் குத்தியிராது. கன்னன் ஒருவனுக்கே அந்தப் பேறு வாய்த்தது. மற்றைய வீரர் அனைவரும் பிறர் செய்து கொடுத்ததைத் தம் உடலுக்கு ஏற்றவாறு பொருத்திக்கொள்ள வேண்டியவராயினர். கவசத்தின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்தப் பொருத்தத்தின் வரலாறே ஆகும்.

இன்று பல நாடுகளில் முதியவரும் இளைஞரும் தம் வீட்டு அறைகளில் அமர்ந்து, விஞ்ஞானப் புனைகதைகளில் வரும் வருங்கால வீரரின் கவசங்களைத் தம் கையாலேயே செய்து அணிகின்றனர். இதனைக் கேட்டதும் சிலருக்கு நகைப்புத் தோன்றலாம். பகைவரே இல்லாத போருக்குக் கவசம் எதற்கு என்று வினவலாம். ஆனால் இந்த விளையாட்டுக்குள்ளே பழைய கைவினை ஒன்றின் அறிவு மறுபிறப்பு எடுத்திருக்கிறது. அக்கதையையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

முதலில் மெய்யான கவசத்தைப் பார்ப்போம். பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் முழு உடலையும் மூடும் உருக்குத் தகட்டுக் கவசம் நிறைவு பெற்றது. அதன் எடை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோகிராம் வரை இருக்கும். அதனை அணிந்தவர் அசைய முடியாமல் மரம்போல் நிற்பார் என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. நன்கு செய்த கவசத்தை அணிந்தவர் நடப்பார், ஓடுவார், விழுந்தால் எழுவார். காரணம் யாது? பாரம் முழுவதும் ஓரிடத்தில் தொங்காமல் தோள், இடை, கை, கால் என உடலெங்கும் பகிரப்பட்டிருந்தது. தகட்டின் கீழே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உட்சட்டை ஒன்று இருந்தது. அச்சட்டையிற் கட்டிய நாடாக்களே தகடுகள் பலவற்றையும் அவ்வவற்றின் இடத்தில் தாங்கின. காலிலிருந்து தொடங்கி மேல்நோக்கி அணிதல் மரபு. தலைக்கவசம் இறுதியில் வரும்.

இவ்வளவு இருந்தும் அக்கவசம் இலேசான சுமையன்று. 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்சுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கவசம் அணிந்தவரை ஓடும் பட்டியின்மீது நடக்கவிட்டு அவருடைய மூச்சை அளந்தனர். நடப்பதற்கும் ஓடுவதற்கும் செலவாகும் சக்தி ஏறத்தாழ இருமடங்காயிற்று என்று கண்டனர். காலிற் கட்டிய பாரத்தை ஒவ்வோர் அடியிலும் தூக்கி வீச வேண்டும். மார்பை இறுக்கிய தகட்டுக்குள் ஆழ்ந்து மூச்செடுக்கவும் முடியாது. காலின் பாரம், மார்பின் இறுக்கம் ஆகிய இவ்விரு குறைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாத்திக்குக் கவசத்திலும் இவையே மீண்டும் வரக் காண்போம்.

இனி 1939ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டு நியூயோர்க் நகரில் ‘நாளைய உலகம்’ என்னும் கருப்பொருளோடு உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதே நகரில் யூலை மாதத் தொடக்கத்தில், விஞ்ஞானப் புனைகதை அன்பர்களின் முதலாவது உலக மாநாடும் கூடியது. ஏறத்தாழ 200 பேர் வந்திருந்தனர். அவர்களுள் இருவர் மட்டும் வருங்கால மனிதரைப் போல உடை அணிந்து வந்தனர். ஒருவர் போரஸ்ற் அக்கர்மன் என்னும் இளைஞர். மற்றவர் மேட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி. எசுப்பெராந்தோ மொழியிற் பற்றுடைய இவ்வம்மையார், தம் பெயரின் முதலெழுத்துகளை அம்மொழி முறைப்படி ஒலித்து ‘மொரோயோ’ என்று தமக்குப் புனைபெயர் சூட்டிக்கொண்டவர்.

இருவருடைய உடைகளையும் தைத்தவர் மொரோயோவே. பிராங்க் போல் என்னும் ஓவியர் சஞ்சிகைகளில் வரைந்த வருங்கால உடைகளும், 1936ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வரப்போகும் காலம்’ பற்றிய ஆங்கிலத் திரைப்படமும் அவருக்கு வழிகாட்டின. துணியால் தைத்த உடைகள் ஆதலின் அவற்றை அணிந்து நடக்கலாம், அமரலாம், நாள் முழுதும் நண்பரோடு உரையாடலாம். அடுத்த ஆண்டு சிக்காகோவில் நடந்த மாநாட்டிலே மாறுவேட நிகழ்ச்சி ஒன்றே அமைந்துவிட்டது. இன்று உலகெங்கும் பரந்திருக்கும் இக்கலைக்கு மூலம் ஒரு பெண்மணியின் ஊசியும் நூலும் என்பதை மறத்தலாகாது.

துணி கவசமாக மாறியபோதே துன்பமும் தொடங்கியது. அதற்கு வழி வகுத்தது திரைப்படம். 1954ஆம் ஆண்டில் யப்பானிய ‘கொட்சில்லா’ படத்துக்காக முதலில் ஆக்கிய மிருக உடை ஏறத்தாழ 100 கிலோகிராம் எடை கொண்டது. அதனுட் புகுந்த நடிகர் அருவோ நாக்காசிமா சில அடிகளே நடக்க முடிந்தது. ஆகவே இலேசான வேறோர் உடை செய்ய வேண்டியதாயிற்று. 1956ஆம் ஆண்டில் ‘விலக்கப்பட்ட கிரகம்’ என்னும் பொருள்படும் அமெரிக்கப் படத்தில் ‘ரொபி’ என்னும் இயந்திர மனிதன் தோன்றினான். அவனுடைய உடலைச் செய்தவர்கள் பிளாத்திக்குத் தகட்டைச் சூடாக்கி இளக்கி, அச்சின்மேல் இட்டு, கீழிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் முறையைக் கையாண்டனர். தகடு அச்சோடு ஒட்டி அதன் வடிவத்தைப் பெறும். பிற்காலக் கவசங்கள் பலவற்றுக்கு இம்முறையே அடிப்படையாயிற்று.

இக்காலத்திலேதான் மெய்யான விண்வெளி உடையும் மனிதனுக்குத் தேவைப்பட்டது. 1966ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ‘ஜெமினி 9’ விண்கலத்திலிருந்து யூஜின் சேர்ணன் வெளியே வந்து பணிபுரிந்தார். விறைத்து நின்ற உடைக்குள் ஒவ்வோர் அசைவும் மல்யுத்தம் போலாயிற்று. உடைக்குள் செலுத்திய காற்று அவருடைய உடற்சூட்டைத் தணிக்கப் போதவில்லை. வியர்வை பெருகியது, தலைக்கவசத்தின் கண்ணாடியில் ஆவி படிந்து பார்வை மறைந்தது. பணியை முடிக்காமலே அவர் உள்ளே திரும்பினார். வெளியே நிலவும் குளிரைப் பற்றியும் வெற்றிடத்தைப் பற்றியும் எண்ணியவர்கள், உள்ளே இருக்கும் உடலே ஓர் உலை என்பதை நேரிற் கண்டனர்.

சந்திரனுக்குச் சென்றோர் அணிந்த உடையில் இதற்குத் தீர்வு இருந்தது. மெல்லிய குழாய்கள் ஓடும் உள்ளுடை ஒன்றில் குளிர்ந்த நீர் சுற்றிவந்து சூட்டைக் கவர்ந்து சென்றது. அவ்வுடையை ஆக்கும் பொறுப்பைப் பெற்றது, பெண்களின் உள்ளுடைகளைத் தைத்துப் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் கிளையாகும். உடல் எங்கே வளையும், துணி எங்கே இழுபடும் என்பதைத் தையற்பெண்கள் அறிந்திருந்தனர். 1969ஆம் ஆண்டில் சந்திரத் தரையிற் பதிந்த காலடியில் அவர்களுடைய கைத்திறனும் கலந்திருந்தது.

ஆயினும் திரைப்படத்தார் இப்பாடத்தைக் கற்கவில்லை. கற்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. 1976ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் துனீசிய நாட்டுப் பாலைவனத்தில் ‘ஸ்ரார் வோர்ஸ்’ படப்பிடிப்புத் தொடங்கியது. பொன்னிற இயந்திர மனிதனாக நடித்த அந்தனி டானியல்ஸ் முதல் நாளன்று முழு உடையையும் அணிந்து சில அடிகள் வைத்தார். இடக்காலின் பிளாத்திக்குப் பகுதி உடைந்து அவருடைய பாதத்தைக் குத்தியது. அவ்வுடையோடு அமர இயலாது. ஓய்வுக்குச் சாய்ந்து நிற்கும் பலகை ஒன்றே கதியாயிற்று. வெண்கவசம் பூண்ட ‘ஸ்ரோம்துரூப்பர்’ வீரர்களுடைய நிலையும் அத்தகையதே. தலைக்கவசத்தின் சிறிய கண்வழியே கீழேயும் பக்கத்திலும் பார்க்க முடியவில்லை. 1977ஆம் ஆண்டில் வெளியான அப்படத்தில் ஒரு வீரர் கதவின் மேற்பகுதியில் தலையை இடித்துக்கொள்வதை இன்றும் காணலாம். ஒளிப்படக் கருவி காணும் சில நிமிடங்களுக்காகவே அக்கவசம் செய்யப்பட்டது. ‘நிறுத்துக’ என்ற சொல் ஒலித்ததும் அதனைக் கழற்ற ஆள்கள் அருகே நின்றனர்.

அப்படத்தைப் பார்த்து வீடு திரும்பிய அன்பர்களுக்கோ அத்தகைய ஏவலாளர் இல்லை. அவர்கள் தாமே அச்சுச் செய்தனர். தாமே தகட்டை வெட்டினர். தாமே அணிந்து மணிக்கணக்கில் நடந்தனர். தோளிற் காயமும் தொடையிற் கன்றலும் அவர்களுக்கு ஆசிரியராயின. அட்டைக் கவசம் அணிந்த அரசகுமாரன் சிங்காசனத்தில் அமர முடியாமல் நின்றபடியே கொலுவிருந்ததைப் பாடசாலை மேடையிலே கண்டவன் நான். ஆதலால் அவர்கள் பட்ட பாட்டை ஓரளவு உணர்வேன்.

அவ்வாறு கற்றவற்றை அவர்கள் ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தனர். உள்ளே உடலோடு ஒட்டிய மெல்லிய உடை அணிந்தால் வியர்வை விரைவில் உலரும், தோலும் உராயாது. வெட்டிய விளிம்புகளை அரத்தாலும் உப்புத்தாளாலும் மழுக்கி, உட்புறத்தில் மெத்தென்ற நுரைப்பட்டை ஒட்ட வேண்டும். தகடுகளை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்காமல் இழுபடும் இறப்பர் நாடாவினால் இணைத்தால் மூச்செடுக்க மார்பு விரியும். தொடைக்கவசத்தை இடைவாரிலிருந்து தொங்கவிட்டால் பாரம் காலைவிட்டு இடுப்புக்கு ஏறும். தலைக்கவசத்தினுள் மின்கலத்தால் இயங்கும் சிறு விசிறி வைத்தால் கண்ணாடியில் ஆவி படியாது. உருக்கும் பிளாத்திக்கும் இல்லாமல், தரைவிரிப்புக்குப் பயன்படும் தடித்த நுரைத்தகட்டைச் சூடாக்கி வளைத்தும் இலேசான கவசம் செய்யலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கவசம் அணியாத துணைவர் ஒருவர் எப்போதும் உடன் வரவேண்டும். படிகளில் கை கொடுப்பதும், குழாய்வழியே நீர் அருந்தச் செய்வதும், ஓய்வு கொள்ளுமாறு கூறுவதும் அவருடைய கடமை.

நேயர்களே, இவற்றை உற்றுநோக்குங்கள். உட்சட்டை, பாரத்தைப் பகிர்தல், கீழிருந்து மேலாக அணிதல், அருகில் நிற்கும் ஏவலாளன் ஆகிய அனைத்தும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய கவசக் கொல்லர் அறிந்தவையே. ஏட்டிலிருந்து கற்காமல், தம் உடலிலிருந்தே இவர்கள் அதனை மீண்டும் கண்டுபிடித்தனர்.

இனி இதனாற் பயன் என்ன என்ற வினாவுக்கு வருவோம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த அல்பின் ஜோன்சன் வாகன விபத்தின் விளைவாக ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலோடு அவர் ஸ்ரோம்துரூப்பர் கவசத்தை அணியத் தொடங்கினார். 1997ஆம் ஆண்டில் தம்மைப் போன்ற அன்பர்களைத் திரட்டி ‘501ஆம் படையணி’ என்னும் அமைப்பை நிறுவினார். சண்டையே செய்யாத இப்படை மருத்துவமனைகளுக்கும் அறப்பணிக் கூட்டங்களுக்கும் அணிவகுத்துச் சென்றது. பின்னர் அவருடைய சிறு மகளுக்கு மூளையில் கட்டி உண்டாயிற்று. தன் கட்டிலருகே நின்று காவல் செய்ய, படத்தில் வருவது போன்ற சிறு இயந்திரன் ஒன்று வேண்டும் என்று அக்குழந்தை விரும்பினாள். அன்பர்கள் இளஞ்சிவப்பு வண்ணத்தில் ஒன்றைச் செய்து, அவள் பெயரின் எழுத்துகளை அதற்குச் சூட்டி அனுப்பினர். 2005ஆம் ஆண்டில் அவள் ஏழு வயதிற் காலமானாள். அவ்வியந்திரன் 2015ஆம் ஆண்டின் ஸ்ரார் வோர்ஸ் படத்திலும் இடம்பெற்றது.

2011ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சுவையான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. ஸ்ரோம்துரூப்பரின் தலைக்கவசம் சிற்பமா, பயன்பாட்டுப் பொருளா என்பது வினா. படம் ஆக்குவதற்குப் பயன்பட்ட பொருளே அது, சிற்பமன்று என்று நீதியரசர்கள் தீர்த்தனர். சட்டத்தின் நோக்கில் அது பதிப்புரிமை பற்றிய தீர்ப்பு. நமக்கோ அதில் வேறோர் உண்மையும் புலப்படுகிறது. பயன்பாட்டுப் பொருள் ஒன்றின் தரத்தை அளப்பதற்குரியவர் அதனைப் பயன்படுத்துபவரே. பார்ப்பவரின் கண் வியந்தால் மட்டும் போதாது; உள்ளே இருப்பவரின் உடலும் ஒப்ப வேண்டும்.

நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே வெண்கவசம் பூண்ட ஒருவர் செல்கிறார். அவர் நிமிர்ந்து நிற்பது படத்துக்கு அழகு. ஆனால் குழந்தை அழைப்பது கட்டிலிலிருந்து. அவர் முழங்கால் மடித்துக் குனிய வேண்டும். தலைக்கவசத்துக்குள் அந்த மெல்லிய குரல் கேட்க வேண்டும். வியர்வை மறைக்காமல் அம்முகத்தை அவர் காண வேண்டும். முழங்கால் மடங்காத கவசம் எத்துணை அழகாயினும் அந்த அறையில் அதற்கு வேலை இல்லை. நாடாவைச் சற்றுத் தளர்த்தி, விளிம்பைச் சற்று மழுக்கி, இரவெல்லாம் விழித்திருந்து செய்தவருடைய உழைப்பின் பயன் அந்த ஒரு குனிதலிலேயே விளங்குகிறது.