விண்வெளியில் உரியும் உள்ளங்கால் தோல்... மனித உடல் அங்கே பரிணமிக்குமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தைக்கும் ஷூக்கள் பல நாடுகளுக்குப் போகின்றன. ஆனால் சுமார் 400 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஷூவுக்குப் பெரிய வேலை இல்லை. உடற்பயிற்சி நேரம் போக, மற்றபடி சாக்ஸ்தான்!

காரணம், அங்கே யாரும் நடப்பதில்லை, மிதக்கிறார்கள். உள்ளங்காலில் எடை விழாததால் அங்குள்ள தடித்த தோல் உரிந்து உதிர்ந்துவிடும். சாக்ஸைக்கூட பார்த்துத்தான் கழற்ற வேண்டும், இல்லையென்றால் செதில்கள் காற்றில் மிதக்கும். அதேசமயம், பாதத்தின் மேல்பக்கம் காய்த்துப்போகும். ஓரிடத்தில் நிலையாக இருக்க, கம்பிக்கு அடியில் காலை மாட்டிக்கொள்வதால் வருவது இது.

எலும்பு கதை இன்னும் சீரியஸ். உடல் எடையைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதம் 1 முதல் 1.5 சதவீதம் குறையும். அதனால்தான் தினமும் 2 மணி நேரம் உடற்பயிற்சி. மூளையும் சீக்கிரம் பழகிவிடுகிறது. 2025 ஜூலையில் 20 நாள் பயணம் முடித்துத் திரும்பிய சுபான்ஷு சுக்லா, மிதக்கும் என்ற நினைப்பில் லேப்டாப்பை கட்டிலுக்கு வெளியே விட, அது கீழே விழுந்திருக்கிறது.

அப்போ இதுதான் பரிணாமமா?

இல்லை. தோல் பதனிடும் தொழிற்சாலையில் வருஷக்கணக்கில் உழைத்தவரின் கை காய்த்திருக்கும். அவர் பிள்ளை காய்த்த கையோடவா பிறக்கிறது? ஒருவர் வாழ்நாளில் உடல் பழகுவது தகவமைப்பு. மரபணு வழியாகத் தலைமுறை தலைமுறையாக வருவதுதான் பரிணாமம்.

திபெத் மக்களைப் பாருங்கள். ஆக்சிஜன் குறைந்த மலையில், அதற்கு ஏற்ற மரபணு மாற்றம் இருந்தவர்களுக்குப் பிள்ளைகள் அதிகம் தங்கின. அந்த மாற்றம் பரவ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆனது.

விண்வெளியில் அப்படி நடக்க, முதலில் அங்கே குழந்தைகள் பிறக்க வேண்டும். இதுவரை ஒன்றுகூட பிறக்கவில்லை. பூமியின் காந்தப்புலத்தைத் தாண்டிப் போனால் கதிர்வீச்சு கருவை என்ன செய்யும் என்ற பயமும் இருக்கிறது. செவ்வாயில் ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான். அதில் ஒரு குழந்தையின் எலும்பு எப்படி வளரும் என்பதற்கு யாரிடமும் விடை இல்லை.

ஜப்பான் விஞ்ஞானிகள் உறைந்த எலிக் கருக்களை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி, 4 நாள் வளர்த்துப் பார்த்தார்கள். ஆரம்பக் கட்டம் வரை அவை சரியாகவே வளர்ந்தன என்று 2023-ல் அறிவித்தார்கள். முழுக் கர்ப்பமும் பிரசவமும் எலிக்குக்கூட அங்கே இன்னும் நடக்கவில்லை.