கோடைக்கால வீட்டு ஐஸ் (வேலூர் – கணியம்பாடி வட்டாரம்)

பால், பழக்கூழ், சர்பத், இளநீர் போன்றவற்றில் இனிப்புச் சேர்த்து வீட்டிலேயே உறைய வைத்து உண்ணும் பண்டங்களை வீட்டு ஐஸ் என்று பொதுவாகச் சொல்லலாம். பால் ஐஸ், சேமியா ஐஸ், ஜவ்வரிசி ஐஸ், மாம்பழ ஐஸ், குல்பி, ஐஸ்கிரீம் எல்லாம் இதில் அடங்கும்.  வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலை சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது கணியம்பாடி. கத்திரி வெயில் நாட்களில் வேலூர் வட்டாரம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். மழைக்காலத்தில் ஓடும் நாகநதி, அப்போது வெறும் மணலாகக் கிடக்கும். பாலும் வெல்லமும் பழமும் இந்த ஊர்களில் என்றைக்கும் இருந்தவை. இல்லாதது குளிர் ஒன்றுதான். ஆகவே இங்கே வீட்டு ஐஸின் வரலாறு என்பது, குளிர் எந்த வழியாக, எவர் வீட்டுக்கு, எப்போது வந்து சேர்ந்தது என்பதன் வரலாறுதான்.

ஐஸுக்கு முன்

ஐஸ் வருவதற்கு முன் கோடைக் குளிர்ச்சி என்றால் மண்பானைத் தண்ணீர், நீர்மோர், பானகம், நன்னாரி சர்பத், நுங்கு, கேழ்வரகுக் கூழ். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. காற்றில் ஈரம் குறைந்த உள்மாவட்டமாகையால் கடலோரச் சென்னையைவிட வேலூர்ப் பக்கத்தில் பானைத் தண்ணீர் நன்றாகவே குளிரும். ஆனால் அந்த வழியில் தண்ணீர் உறையும் அளவுக்குப் போக முடியாது.

வட இந்தியாவில் அதற்கும் வழி கண்டிருந்தார்கள். அலகாபாத் பக்கத்தில் பனிக்காலத்தில் ஐஸ் எடுத்த முறையை ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். திறந்தவெளியில் பள்ளம் தோண்டி, காய்ந்த கரும்பையோ மக்காச்சோளத் தட்டையையோ பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்தட்டுகளை வரிசையாக வைத்து, காய்ச்சி ஆறிய நீரை அந்தியில் ஊற்றிவிடுவார்கள். மேகமில்லாத இரவில் தட்டு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். விடியலுக்கு முன் மெல்லிய ஐஸ் படிந்திருக்கும். அதற்கும் முன்பே அக்பரின் அரண்மனையில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் குடுவையைச் சுழற்றிக் குடிநீரைக் குளிரச் செய்தார்கள் என்று அபுல் ஃபசலின் அயினி அக்பரி சொல்கிறது. இமயத்திலிருந்து லாகூருக்கு ஐஸ் வந்ததையும் அதே நூல் பதிவு செய்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சி உறைய வைக்கும் குல்பி வளர்ந்தது அந்த மண்ணில்தான். தமிழ்ச் சமவெளிக்கு அந்த வசதி இல்லை. ஜவ்வாது மலையின் உயரமான முகடுகளே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர்தான். மார்கழியில் குளிரும், ஆனால் ஐஸ் அறுவடை செய்யும் குளிர் அல்ல.

கப்பலில் வந்த பனி

தமிழகத்துக்கு ஐஸ் கடல்வழியாக, உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், குளங்களில் குளிர்காலத்தில் உறையும் ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் தொழிலை 1806இல் மார்த்தினிக் தீவுக்கு ஒரு கப்பல் அனுப்பித் தொடங்கினார். 1833 மே மாதம் பாஸ்டனை விட்டுப் புறப்பட்ட டஸ்கனி என்ற கப்பலில் 180 டன் ஐஸ் இருந்தது. நான்கு மாதம் கழித்து செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. இரண்டு முறை நிலநடுக்கோட்டைக் கடந்த பிறகும் பாதிக்கு மேல் உருகாமல் நின்றது பொதிந்து வைத்த முறையின் வேலை. சென்னையில் 1842 வாக்கில் கடற்கரையோரம் டியூடர் கட்டிய வட்டவடிவக் கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, தம் வால்டன் குளத்தில் அறுத்த ஐஸ் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடும் மக்களின் தாகம் தீர்ப்பதை எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அந்த மக்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐஸ் ஹவுஸ் ஐஸ் வெள்ளைக்கார அதிகாரிகளின் விருந்து மேசைக்கும், நகரத்துச் செல்வர்களுக்கும், மருத்துவத் தேவைக்கும் போனது. ஜவ்வாது அடிவாரத்து உழவர் வீட்டில் அன்று ஐஸைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்திருந்தால் அது அதிசயம். 1874இல் சென்னையில் நீராவி எந்திரத்தால் ஐஸ் தயாரிக்கும் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கியது. அமெரிக்க ஐஸின் காலம் விரைவில் முடிந்தது. கிடங்கு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கைக்குப் போய் வீடாயிற்று. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைப் படிக்க வைத்த விடுதி அங்கே நடந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். ஊர்ப்பெயராக மட்டும் ஐஸ் ஹவுஸ் நிலைத்துவிட்டது.

உப்பும் வாளியும்

வீட்டில் ஐஸ்கிரீம் செய்வதற்கு ஐஸ் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். தூய ஐஸ் பூஜ்யம் டிகிரியில் உருகும். சர்க்கரை கலந்த பால் உறைவதற்கு அதற்கும் கீழே போக வேண்டும். ஐஸோடு கல் உப்பைக் கலந்தால் உருகுநிலை இறங்குகிறது. உருகிக்கொண்டே ஐஸ் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரு கிலோ ஐஸ் உருக ஏறத்தாழ 80 கிலோ கலோரி தேவை. சரியான விகிதத்தில் கலந்த உப்பு ஐஸ் மைனஸ் 21 டிகிரி வரை போகக்கூடியது. வீட்டு வாளியில் மைனஸ் 10, 15 வந்தாலே போதும்.

1843இல் அமெரிக்காவின் நான்சி ஜான்சன் கைப்பிடி வைத்த ஐஸ்கிரீம் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மர வாளி, அதன் நடுவில் தகர டப்பா, டப்பாவுக்குள் துடுப்பு, மேலே சுழற்றும் கைப்பிடி. இந்த அமைப்பு அதிகம் மாறாமல் இந்தியா முழுவதும் பரவியது. அகமதாபாத்தில் 1907இல் சோடாக் கடையாகத் தொடங்கிய வாடிலால் நிறுவனமும் தொடக்கத்தில் இத்தகைய கைச்சுற்று வாளியில்தான் ஐஸ்கிரீம் செய்தது.

வேலை எளிதல்ல. ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி, உலக்கையாலோ கட்டையாலோ அடித்து நெல்லிக்காய் அளவுக்கு நொறுக்க வேண்டும். டப்பாவைச் சுற்றி ஓர் அடுக்கு ஐஸ், ஒரு கை கல் உப்பு, மறுபடி ஐஸ் என்று வாளி நிறையும். மூன்று நான்கு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. முதல் பத்து நிமிடம் கைப்பிடி இலகுவாகச் சுற்றும், சிறுபிள்ளைகளும் சுற்றலாம். பிறகு உள்ளே பால் இறுகத் தொடங்கும், கைக்குக் கனம் தெரியும், பிள்ளைகள் விலகிப் பெரியவர்கள் வருவார்கள். அரைமணியில் கைப்பிடி நகர மறுத்தால் ஐஸ்கிரீம் ஆகிவிட்டது என்று பொருள். மூடியைத் திறக்கும்போது ஒரு சொட்டு உப்புநீர் உள்ளே விழுந்தாலும் அத்தனையும் கரிக்கும். ஆகவே முதலில் விளிம்பைத் துணியால் துடைப்பது கட்டாயம். ஓயாமல் சுழற்றுவதால் பனித்துகள் பெரிதாக வளர நேரம் கிடைப்பதில்லை, காற்றும் கலக்கிறது. ஐஸ்கிரீமின் வழுவழுப்பு இந்த இரண்டிலும் இருக்கிறது. இன்றைய பிரிட்ஜின் உறைபெட்டியில் மணிக்கணக்கில் வைத்து எடுப்பதைவிட உப்பு வாளியில் செய்தது நாவுக்கு நயமானது என்பதில் ஐயமில்லை. வேகமாக உறைவதே காரணம்.

குல்பிக்குச் சுழற்றும் வேலை இல்லை. பாலை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி, கூம்பு வடிவத் தகரக் குழல்களில் ஊற்றி, மூடியின் விளிம்பை மாவால் அடைத்து, உப்பு ஐஸ் நிரம்பிய பானைக்குள் சொருகிவிடுவார்கள். பாலில் தண்ணீர் குறைந்துபோவதால் பனித்துகளும் குறைவு; காற்று கலக்காததால் கடித்துத் தின்னும் பதம். சிவப்புத் துணி சுற்றிய பானையோடு இரவில் மணியடித்துத் தெருவில் வரும் குல்பிக்காரர் தமிழக நகரங்களுக்குப் பழகிய உருவம்.

ஐஸ் கம்பெனியும் ஐஸ் வண்டியும்

மின்சாரமும் அமோனியா எந்திரமும் வந்து நகரங்களில் ஐஸ் கம்பெனிகள் பெருகின. உப்புக்கரைசல் தொட்டியில் அச்சுகளை இறக்கி ஐஸ் பாளம் எடுத்தார்கள்; அதே தொட்டியில் சிறிய அச்சுகளை இறக்கிக் குச்சி ஐஸும் எடுத்தார்கள். குச்சி ஐஸுக்கு அமெரிக்காவில் பிராங்க் எப்பர்சன் 1924இல் காப்புரிமை பெற்றிருந்தார். தமிழகத்தில் அது சைக்கிளின் பின்னால் கட்டிய மரப்பெட்டியில், மூடியைத் தட்டும் ஓசையோடு கிராமங்களுக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலாக ஐஸைத் தொட்டது இந்த வண்டியில்தான். பால் ஐஸ், சேமியா ஐஸ், திராட்சை ஐஸ் என்ற வகைகளும் அங்கிருந்தே வீட்டுக்குள் வந்தன. வீட்டு ஐஸின் சுவைக்கு முன்மாதிரி வெளிநாட்டுச் சமையல் புத்தகம் அல்ல, ஐஸ் வண்டிதான். 1970இல் ஆர்.ஜி. சந்திரமோகன் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் தொடங்கிய அருண் ஐஸ்கிரீமும் குச்சி ஐஸிலிருந்து வளர்ந்ததே.

பிரிட்ஜ் வந்த பிறகு

கோத்ரெஜ் 1958இல் இந்தியாவிலேயே பிரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது. நடுத்தர வீடுகளுக்கு அது பரவலாக வர இன்னும் முப்பது ஆண்டு ஆயிற்று, கிராமங்களுக்கு அதற்கும் மேல். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் மேல்மூலையில் ஒரு சிறிய உறைபெட்டி. சுற்றிலும் வெண்பனி படிந்து, தட்டை எடுக்கவே கத்தி வேண்டியிருக்கும். அந்தச் சின்ன இடத்துக்குள்தான் ஒரு தலைமுறையின் வீட்டு ஐஸ் பிறந்தது. அச்சு எதுவும் வாங்கவில்லை. எவர்சில்வர் டம்ளரில் காய்ச்சி ஆறிய பால், சர்க்கரை, ஏலக்காய், வெந்த சேமியா. நடுவில் ஒரு கரண்டி. மறுநாள் மதியம் டம்ளரைத் தண்ணீரில் முக்கி உள்ளங்கையில் உருட்டினால் ஐஸ் கழன்று கரண்டியோடு வரும். உறையும்போது சேமியா அடியில் தங்கிவிடும். கரண்டியைப் பிடித்துத் தின்னும்போது முதல் கடியிலேயே மொத்தமாக வரும் அந்தச் சேமியாவைப் பிள்ளைகள் குறையாக எண்ணியதில்லை.

1980, 90களில் பெண்கள் இதழ்களின் சமையல் பகுதி ஐஸ்கிரீமைக் கற்றுக்கொடுத்தது. சோளமாவு, பால்பவுடர், மில்க்மெய்ட், ஜி.எம்.எஸ். பவுடர் என்ற சொற்கள் அடுப்படிக்கு வந்தன. ஜி.எம்.எஸ். கொழுப்பையும் நீரையும் பிரியாமல் கலக்க வைக்கிறது. சுழற்றும் வாளியின் இடத்தை மிக்சி எடுத்துக்கொண்டது: பாதி உறைந்ததும் எடுத்து அரைத்து மறுபடி உறைய வைப்பது, இயன்றால் இரண்டு முறை. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தால் மிக்சி கிராமத்து வீடுகளிலும் சாதாரணமாயிற்று. ஆனால் அடுத்த கோடையிலேயே கடும் மின்வெட்டு. சென்னைக்கு வெளியே பல மணிநேரம் மின்சாரம் இல்லாத நாட்களில் ஐஸ் உருகி மறுபடி உறைந்து கல்கண்டாக நொறுநொறுத்தது. ஒருமுறை உருகினால் சிறு பனித்துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்துகொள்ளும். திரும்ப அரைக்காமல் சரிசெய்ய முடியாது.

இனிப்பின் அளவிலும் கவனம் வேண்டும். சர்க்கரை மிஞ்சினால் உறையாது, குறைந்தால் பல் இறங்காத கல்லாகும். உறைந்த பின் நாவுக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும் என்பதால், பாலைச் சுவைக்கும்போது சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். எருமைப்பாலில் கொழுப்பு 6 முதல் 7 விழுக்காடு, பசும்பாலில் 4 அளவு; பாதியாகக் காய்ச்சிய எருமைப்பால் இருந்தால் பவுடர் எதுவும் தேவையில்லை. கடையில் ஐஸ்கிரீம் என்று விற்க 10 விழுக்காடு பால்கொழுப்பு வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தாவர எண்ணெயில் செய்ததை ஐஸ்கிரீம் என்று விற்கக் கூடாது. வீட்டில் செய்யும்போது இந்தச் சந்தேகமே எழுவதில்லை.

தண்ணீர்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நல மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாகப் பணிசெய்யும் களம் கணியம்பாடி ஒன்றியம். நோய்த்தடுப்பு ஆராய்ச்சியில் இந்த ஒன்றியத்தின் பெயர் உலக அளவில் அடிபடுவது. ஆகையால் ஐஸைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையை இங்கே சொல்வது பொருத்தம்: உறைந்தால் கிருமி செத்துவிடும் என்பது உண்மையல்ல. டைபாய்டு கிருமி ஐஸிலும் உயிரோடிருக்கும். பாளமாக எடுக்கும் ஐஸ் பெரும்பாலும் மீனுக்கும் சரக்குக்கும் உரியது. அதை அடையாளம் காண நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் அறிவித்தது. உப்பு வாளியில் டப்பாவுக்கு வெளியே பாளம் ஐஸ் இருப்பதில் குற்றமில்லை. சர்பத்துக்குள் அதைச் செதுக்கிப் போடுவதுதான் ஆபத்து. காய்ச்சிய பாலிலும் காய்ச்சி ஆறிய நீரிலும் செய்த வீட்டு ஐஸைக் குழந்தைக்கு அச்சமின்றிக் கொடுக்கலாம். வீட்டில் செய்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

மலையும் பழமும்

மதுரையில் பாதாம் பிசினும் நன்னாரியும் சுண்டிய பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்து ஜிகர்தண்டா ஆனது போல, வேலூர்ப் பக்கத்துக்கென்று பெயர்பெற்ற ஒரு பண்டம் உருவாகவில்லை. அது ஒரு குறைதான், ஏனெனில் பொருளுக்குப் பஞ்சமில்லை. கோடையில் மாம்பழம், நுங்கு. ஜவ்வாது மலையிலிருந்து பலா, தேன், புளி. மாம்பழம் எளிது: கூழிலேயே நாரும் சர்க்கரையும் இருப்பதால் பாலோடு அரைத்து உறைய வைத்தாலே மென்மையாக வரும். பலாச்சுளையைக் கொட்டை நீக்கி வேகவைத்து அரைத்துக்கொள்ள வேண்டும். பச்சையாக அரைத்தால் திப்பி தட்டும். தேன் சர்க்கரையைவிட உறைநிலையை அதிகம் இறக்குவதால் அளவோடு சேர்க்க வேண்டும். நுங்குதான் கடினம். ஏறக்குறைய முழுக்க நீர் என்பதால் தனியே உறைய வைத்தால் கண்ணாடித் துண்டு போலாகும். பாதி நுங்கை இளநீர் வழுக்கையோடும் தேங்காய்ப்பாலோடும் அரைத்து, மீதியைப் பொடியாக நறுக்கி, பாதி உறைந்த பிறகு கலந்தால் அதன் வழுவழுப்பு கெடாது.

சீத்தாப்பழம் மலையில் ஆவணி முதல் ஐப்பசி வரை பழுக்கிறது, கோடையில் கிடைக்காது. கொட்டை நீக்கிய அதன் வெண்கூழைச் சர்க்கரை சேர்த்து டப்பாக்களில் அடைத்து, மின்சாரம் தடைபடாத உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் வைத்தால், சித்திரை வரை கெடாது. வேகவைக்கக் கூடாது, கசந்துவிடும். சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பாலில் அந்தக் கூழைக் கலந்து ஒருமுறை உறைய வைத்து எடுத்தால் போதும், ஏலக்காயும் வேண்டியதில்லை.