வெப்சைட்டை வேற ஹோஸ்டிங்குக்கு மாத்துறீங்களா? பழைய அக்கவுன்ட்டை உடனே மூடிடாதீங்க!

ரெனிவல் கட்டணம் எகிறிடுச்சு, சைட் ரொம்ப ஸ்லோ... காரணம் எதுவா இருந்தாலும், ஹோஸ்டிங் மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கவனிங்க.

* பேக்கப்: வேர்ட்பிரஸ் சைட்டுன்னா ஃபைல்கள் மட்டும் போதாது. படங்களும் தீமும் ஃபைல்களில் இருக்கும். நீங்க எழுதின பதிவுகள், கமென்ட்டுகள் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். ரெண்டையும் டவுன்லோடு பண்ணுங்க.

* டி.என்.எஸ்: உங்க டொமைன் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்றது இதுதான். இதில் டி.டி.எல்-னு ஒரு எண் இருக்கும். அது 86400-னா, பழைய முகவரி 24 மணி நேரம் வரைக்கும் மற்ற இடங்களில் பதிஞ்சிருக்கும். மாத்துறதுக்கு ஒருநாள் முன்னாடியே அதை 300 ஆக்கிடுங்க. காத்திருப்பு 5 நிமிஷமா குறையும்.

* இ-மெயில்: பலரும் கோட்டை விடுற இடம். டொமைன் பெயர்ல இருக்கிற மெயில் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தா, அக்கவுன்ட்டை மூடினதும் இன்பாக்ஸும் போயிடும். கஸ்டமர் அனுப்பின ஆர்டர், பில் எதுவும் மிஞ்சாது. மெயில்களைத் தனியா சேமிச்சுட்டு, புது இடத்தில் அதே ஐ.டி-களை உருவாக்குங்க. எம்.எக்ஸ் ரெக்கார்டையும் மாத்துங்க.

* ஆன்லைன் கடை: மாத்துற நேரத்தில் ஆர்டர் எடுக்காதீங்க. பாதி பழைய டேட்டாபேஸிலும், பாதி புதுசிலும் விழுந்துடும்.

* டெஸ்ட்: புது சர்வரில் எஸ்.எஸ்.எல் போட்டாச்சா, பேமென்ட் வேலை செய்யுதா, மெயில் வருதானு மொபைலிலேயே பாருங்க.

எல்லாம் ஓகேன்னாலும், ஒரு வாரமாவது ரெண்டு ஹோஸ்டிங்கும் ஓடட்டும். அதுக்கப்புறம் பழசுக்கு டாட்டா சொல்லலாம்!