குழாய்வழிகளின் சிராய்ப்புக் காப்பு

பாறை நிலத்தில் எஃகுக் குழாய்களைப் பதிக்கும்போது அவற்றின் துருத்தடுப்புப் பூச்சு உரசிச் சிதையாமல் காக்கும் முறைகள் சிராய்ப்புக் காப்பு எனப்படும். பள்ளத்தில் இறக்கிய குழாயின் எடை முழுவதும் அடியில் துருத்தும் ஒரு கூர்ங்கல்லின் மேல் விழுந்தால், பூச்சு கிழிவதோடு எஃகும் நெளியும்.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நிலக்கரித் தாரைக் காய்ச்சிப் பூசி, மேலே கல்நார்த் தாள் சுற்றினார்கள். தார் குளிரில் வெடிக்கும். வெயிலில் இளகி, கல்லை உள்ளே விட்டுவிடும். ஆகவே கல்லைக் குழாயிடம் நெருங்கவிடாததே அன்றைய காப்பு. பள்ளத்தின் அடியில் மணல் பரப்பினார்கள். குழாயைச் சுற்றி மரப்பட்டிகளை வரிந்து கட்டினார்கள். தோண்டிய மண்ணையே சலித்துக் குழாயைச் சுற்றிப் போடும் இயந்திரங்கள் பின்னர் வந்தன. திறந்த பள்ளத்தில் மணல் மெத்தையை விஞ்சிய காப்பு இன்றும் இல்லை என்றே சொல்லலாம்.

1928இல் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் கூன் ஓர் எரிவாயுக் குழாய்க்கு, மின்னோட்டம் செலுத்தித் துருவைத் தடுக்கும் எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு அளித்தார். பூச்சில் விழுந்த சிறு கீறல்களின் வழியே துரு ஏறாமல் மின்னோட்டம் தடுத்தது. ஆனால் குழாயின் மேல் போர்த்தும் கெட்டியான பிளாஸ்டிக் தாள் அந்த மின்னோட்டத்தை மறைத்துவிடும். வலைபோல் துளைகளுள்ள பாறைக்காப்பு விரிப்புகளை விரும்புவது அதனால்தான்.

1960 வாக்கில் உருக்கி ஒட்டும் இபாக்சித் தூள் பூச்சு வந்தது. எஃகோடு இறுகப் பற்றும்; ஆனால் தடிமன் அரை மில்லிமீட்டருக்குள்தான். பிறகு ஐரோப்பாவில் பரவிய மூன்றடுக்குப் பாலிஎத்திலீன் பூச்சு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுடையது.

கலிபோர்னியாவின் பஹாரோ ஆற்றடியில் 1971இல் மார்ட்டின் செரிங்டன் கிடைமட்டமாகத் துளையிட்டுக் குழாயை இழுத்துக் கடத்தினார். இம்முறை பரவியதும் சிக்கலின் முகமே மாறிற்று. துளைக்குள் மணல் மெத்தை போட வழியில்லை. குழாய் பாறையில் உரசிக்கொண்டேதான் போகவேண்டும். பெரிய வெற்றுக் குழாய் துளையிலுள்ள களிக்குழம்பில் மிதந்து கூரையை அழுத்தித் தேயும். அதைத் தணிக்க இழுக்கும்போதே உள்ளே நீர் நிரப்புகிறார்கள்.

இந்தத் தேவைக்கென இபாக்சியின் மேல் இன்னொரு கடின இபாக்சி அடுக்கு சேர்க்கப்பட்டது. அரைபடவேண்டியது அதுவே, அடியிலுள்ள துருத்தடுப்புப் பூச்சு முழுதாக இருக்கவேண்டும். கடினம் கூடக்கூட நெகிழ்வு குறைவதால், குழாயை வளைக்கும்போது வெடிக்காத அளவே கடினமாக்க முடியும்.

எல்லாவற்றிலும் பலவீனமானவை களத்தில் வெல்டிங் செய்த மூட்டுகள். வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டால், அதன் முன்விளிம்பு பாறையில் மாட்டிச் சட்டைக் கை போல் சுருண்டுவிடும். எனவே இபாக்சி ஊறிய கண்ணாடியிழைத் துணியை அவ்விளிம்பின் மேல் சுற்றி இறுகவிடுகிறார்கள்.

பதிப்பதற்கு முன் பூச்சின் மேல் மின்னழுத்தம் ஏற்றிய சுருள்கம்பியை உருட்டுவார்கள்; ஊசித்துளை இருந்தாலும் பொறி பறந்து மணி அடிக்கும். 400 மைக்ரான் இபாக்சிக்கு ஏறத்தாழ 2,000 வோல்ட் போதும். துளையின் மறுமுனையில் சேறு வழிய வெளிவரும் முதல் குழாயைக் கழுவி, கீறல்களின் ஆழத்தை அளப்பார்கள். பாறைக்குள் இருக்கும் மீதி நீளத்தின் நிலையை அதிலிருந்துதான் கணிக்கிறார்கள்.