பெருக்கியும் செவியும்

தமிழில் ஒலிபெருக்கி என்று சொல்லும்போது இரண்டு கருவிகளை ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒன்று, மெல்லிய மின் அசைவை வாங்கிப் பெரிதாக்கித் தரும் பெட்டி. பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகம் இதைப் பெருக்கி என்கிறது, கடைத்தெருவில் ஆம்ப்ளிஃபையர். மற்றது, அந்த மின் அசைவைக் காற்றின் அசைவாக மாற்றும் கூம்பு. உண்மையில் பெருக்குவது முதலாவது. பெயர் போய்ச் சேர்ந்தது இரண்டாவதற்கு. கல்யாணப் பந்தலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் இரண்டும் 'மைக் செட்' என்று ஒரே வாடகையில் வந்து இறங்கியதால், தனித்தனிப் பெயருக்கு யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

கலைச்சொல் குழப்பம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் நாம் கேட்கப் பழகிய விதத்தின் சரித்திரம் இந்தக் குழப்பத்துக்குள் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்று ஒருவர் பல ஆயிரம் கொடுத்து நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குகிறார். அதற்கேற்ற ஆம்ப்ளிஃபையரைத் தேடிப் போகிறார். 'எவ்வளவு சத்தம் வரும்' என்பதே அவருடைய முதல் கேள்வி என்றால், அந்தக் கேள்வியைக் கேட்பது அவர் மட்டுமல்ல.

சென்னையில் ஒலிபரப்பு காதிலிருந்துதான் தொடங்கிற்று. 1924 மே 16-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப்பை அமைத்தார்கள். ஜூலை 31-இல் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. கருவியின் சக்தி 40 வாட். ஒரு பழைய குண்டு பல்புக்கு ஆகும் மின்சாரம். அந்தக் காலத்தில் எளியவர்கள் வைத்துக்கொள்ளக் கூடிய வாங்கி கிரிஸ்டல் செட்தான். ஒரு கம்பிச்சுருள், ஒரு கலீனாத் துண்டு, அதைத் தொடும் ஓர் ஊசிக்கம்பி, ஒரு ஹெட்போன். பேட்டரி கிடையாது, வால்வு கிடையாது. கலீனாவை இப்படிப் பயன்படுத்தலாம் என்று 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜகதீஷ் சந்திர போஸ் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

கிரிஸ்டல் செட்டில் பெருக்கி இல்லை. வானத்திலிருந்து ஏரியல் கம்பியில் வந்து இறங்கும் சக்தியே ஹெட்போனின் தகட்டை அசைத்தாக வேண்டும். அந்தச் சக்தி அற்பம். எனவே ஹெட்போன்களை மயிரிழைக் கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிச் செய்தார்கள். ஒரு காதுக்கு ஏறக்குறைய 2000 ஓம், இரண்டும் சேர்ந்து 4000. இவ்வளவு அதிகமான மின் எதிர்ப்பு ஏன்? கிரிஸ்டல் சுற்றின் எதிர்ப்பும் மிக அதிகம். தருகிறவனின் எதிர்ப்பும் பெறுகிறவனின் எதிர்ப்பும் நெருங்கி இருந்தால்தான் இருக்கிற அற்ப சக்தியில் அதிகபட்சம் கைமாறும். அன்றைக்குப் பொருத்தம் என்றால் சமம்.

கேட்கிறவனும் இந்தப் பொருத்தத்தில் ஓர் உறுப்பு. ஊசிக்கம்பியைக் கல்லின் மேல் இடம் மாற்றி மாற்றி வைத்து, வீட்டில் பேச்சை நிறுத்தச் சொல்லி, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்க வேண்டும். கருவி பெருக்காததைச் செவி ஈடுகட்டியது.

இதற்கு ஓர் எல்லை இருந்தது. ஒலிபரப்பும் இடத்தை விட்டு விலக விலக கிரிஸ்டல் செட் ஊமையாகிவிடும். சென்னையிலிருந்து திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஒன்று அரக்கோணம் போகும் ரயில் பாதையில், மற்றது கூடூர் போகும் பாதையில். 40 வாட்டை நம்பி அங்கே ஒருவர் கலீனாக் கல்லோடு உட்கார்ந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடியது நிசப்தம். தூரம் என்று ஒன்று வந்ததும் வால்வு வேண்டும், பேட்டரி வேண்டும், பணம் வேண்டும். பெருக்கி முதலில் சத்தத்துக்காக வரவில்லை, தூரத்துக்காக வந்தது. இந்த வித்தியாசம் பிற்பாடு மறந்துபோயிற்று.

பணமில்லாமல் கிளப் 1927 அக்டோபரில் நின்றது. ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சிக்குப் போயிற்று. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஸ்பீக்கர் வைத்து ஜனங்களைக் கேட்கச் செய்தது. ஆறு வருஷத்துக்குள் நாம் காதிலிருந்து கடற்கரைக்கு வந்துவிட்டோம். இதை வீழ்ச்சி என்று சொல்ல நான் தயாரில்லை. ரேடியோ வாங்க முடியாதவனுக்கும், சபாவின் படி ஏறியிராதவனுக்கும், யாருடைய அனுமதியும் இல்லாமல் சங்கீதம் கிடைத்தது அந்தக் கூம்பிலிருந்துதான். தனிமையில் கேட்பதை உயர்த்திப் பேசுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. ஆனால் கிடைத்ததோடு ஒன்று போயிற்று என்பதும் உண்மை.

போனது என்ன என்பதற்கு 1938-ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் ஜூன் 16-இல் சென்னை வானொலி நிலையம் துவங்கியது. அதே வருஷம் அக்டோபரில் வீணை தனம்மாள் காலமானார். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மைக் இல்லாமல், பக்கவாத்தியம் இல்லாமல் அவர் வாசித்ததைக் கேட்க வித்வான்களே போய் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் அசைந்தால் கெட்டுவிடும் நாதம் அது என்று கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அறையின் அளவுக்கு ஏற்ற நாதம், நாதத்துக்கு ஏற்ற அமைதி, அமைதிக்கு ஏற்ற ஆட்கள். ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. மைக் வந்தது. அதன் பிறகு எவ்வளவு மெதுவாக வாசிக்கலாம் என்பதை வித்வானோடு சேர்ந்து மைக் செட்காரரும் தீர்மானித்தார்.

1930-களில் பதிவான தனம்மாளின் இசைத்தட்டுகள் இருக்கின்றன. அரக்குத் தட்டின் இரைச்சலுக்கு அடியில் வீணை கேட்கிறது. சத்தத்தைக் கூட்டினால் வீணை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவே இரைச்சலும் கூடுகிறது. பெருக்கிக்கு விவேகம் கிடையாது. எது வீணை, எது இரைச்சல் என்று பிரிப்பது செவியின் வேலை. ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபையர் தேடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு கூம்பின் ஆட்சி. மேடைப் பேச்சு ஒரு கலையாக வளர்ந்ததில் மைக்குக்குப் பங்கு உண்டு. அதுவே, கேட்க விரும்பாதவனும் கேட்டாக வேண்டும் என்ற நிலையையும் கொண்டுவந்தது. இது நீதிமன்றம் வரைக்கும் போனது. சென்னையின் வடவிளிம்பில், மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பிரார்த்தனைக் கூடத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பிறர் அமைதியைக் குலைத்து, பெருக்கியின் மூலம் வழிபடவேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை. எல்லா மதங்களுக்கும் பொதுவாகச் சொன்னது. அதே வருஷம் வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்றும், தொழிற்பேட்டைக்கு 75, 70 என்றும் வரம்பு வைத்தன. 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்ற அரசாங்கத் தமிழ் போலீஸ் அறிவிப்புகளில் நமக்குப் பழகிவிட்டது. கூம்பைத் தடுக்கும்போதுதான் அதற்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது.

ஹெட்போன் நம்மிடம் திரும்பி வந்தது வேறு வழியில். 1958-இல் அமெரிக்காவில் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போன் செய்தார். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி காதை மூடாத திறந்த ஹெட்போனைக் கொண்டுவந்தது. அதன் எதிர்ப்பு 2000 ஓம், கிரிஸ்டல் காலத்து எண்ணேதான். இவையெல்லாம் இங்கே எட்டிப்பார்க்கவில்லை. 1979-இல் ஜப்பானில் வந்த வாக்மன்தான் பர்மா பஜார் கடைகள் வழியாகவும், வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பெட்டி வழியாகவும் நம் காதுக்கு வந்தது. அதில் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருந்தது. இரண்டு பேட்டரி செல், மொத்தம் 3 வோல்ட். குறைந்த வோல்டேஜில் போதிய சத்தம் வேண்டுமென்றால் ஹெட்போனின் எதிர்ப்பைக் குறைக்க வேண்டும். காதுக்கு வரும் கருவிகள் 16, 32 ஓம் என்று இறங்கிய காரணம் இது. பொருத்தம் பார்க்கும் வேலையைக் கம்பெனியே முடித்துவிட்டது. நாம் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது உயர்ந்த ரக ஹெட்போன்கள் தனியாக வருகின்றன; தேர்வு நம் தலையில் விழுகிறது. பழைய பொருத்தம் இங்கே செல்லாது. கிரிஸ்டல் காலத்தில் சமம் என்றிருந்தது தலைகீழாகிவிட்டது: ஆம்ப்ளிஃபையரின் வெளியேறு எதிர்ப்பு, ஹெட்போனின் எதிர்ப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது இன்றைய கைக்கணக்கு. காரணம் எளிது. ஹெட்போனின் எதிர்ப்பு எல்லா ஸ்தாயிக்கும் ஒன்றல்ல. 32 ஓம் என்று எழுதியிருப்பது மந்தர ஸ்தாயியில் 80 ஓம் வரை ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபையரின் எதிர்ப்பு 120 ஓமாக இருந்தால், அந்த மந்தர ஸ்தாயி மட்டும் ஐந்து டெசிபலுக்கு மேல் உப்பிக்கொண்டு நிற்கும். மிருதங்கத்தின் தொப்பி, வலந்தலையை விழுங்கிவிடும். ஆம்ப்ளிஃபையரின் எதிர்ப்பு ஓர் ஓம் என்றால் வித்தியாசம் கால் டெசிபல்கூட இல்லை. நல்ல பெருக்கி தன்னைக் காட்டிக்கொள்ளாது.

அடுத்தது சக்தி. ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் தரும் 300 ஓம் ஹெட்போனுக்கு, பாட்டின் உச்சத்தில் 107 டெசிபல் வேண்டுமென்றால் பத்து மில்லிவாட் போதும்: 1.73 வோல்ட். அதே திறனுள்ள 32 ஓம் ஹெட்போனுக்கு அரை வோல்ட்டுக்குச் சற்று மேல், ஆனால் மின்னோட்டம் மூன்று மடங்கு. முதலாவதற்கு வோல்டேஜ் கொடுக்கும் ஆம்ப் வேண்டும், இரண்டாவதற்கு மின்னோட்டம் கொடுப்பது. ஒரு வோல்ட் அளவில் நின்றுவிடும் கைப்பேசிகள் 300 ஓமுக்குத் திணறுவதும், பல வாட்டு போட்டு விற்கும் பெட்டி 32 ஓமில் வெறும் உஸ்ஸென்ற இரைச்சலைத் தருவதும் இதனால்தான். பத்து மில்லிவாட்டுக்கு வாட்டுக்கணக்கில் பெட்டி வாங்குவது பந்தல் பழக்கம்.

ஆனால் கணக்கு இங்கே முடிவதில்லை. மேலே சொன்ன 107 டெசிபல் என்ற எண் எங்கிருந்து வந்தது? கேட்கும் அறையிலிருந்து, கேட்கும் காதிலிருந்து. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இருக்கின்றன; பக்கத்தில் கல்கத்தா நெடுஞ்சாலை. அங்கே ஓர் அறையில் திறந்த ஹெட்போனைப் போட்டுக்கொண்டால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். அதைத் தாண்டப் பத்து டெசிபல் கூட்டினால் சக்தி பத்து மடங்கு, வோல்டேஜ் மூன்று மடங்குக்கு மேல். இதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர் பதிலல்ல. காதை மூடும் ஹெட்போனும் சாத்திய ஜன்னலும்தான் பதில்.

காதின் விஷயம் இன்னும் கஷ்டமானது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்த அளவுப்படி, காதில் வைத்துக் கேட்பதற்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் நான்கு மணி நேரத்தில் வாரம் தீர்ந்துவிடும். நம் தொழிற்சாலை விதிகள் அதே 90 டெசிபலைத் தினம் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கின்றன. ஷிப்ட் முடிந்து வருகிறவனின் செவி சில மணி நேரத்துக்காவது மந்தமாகவே இருக்கும். அவன் தனக்குப் பிடித்த பாட்டைப் போடுகிறான். மெதுவாகக் கேட்கிறது. சத்தத்தைக் கூட்டுகிறான். கருவியில் சக்தி போதவில்லை என்று அவனுக்குத் தோன்றுகிறது. பெரிய ஆம்ப் வாங்கினால் சரியாகிவிடும் என்று நண்பன் சொல்கிறான்.

1924-இல் பெருக்கி இல்லாத கருவிக்குச் செவி ஈடுகொடுத்தது. இன்று பழுதுபட்ட செவிக்குப் பெருக்கி ஈடுகொடுக்கப் பார்க்கிறது. அவனுக்கு உண்மையில் தேவைப்படுவது ஓர் இரவு அமைதி. அதன் பிறகு பத்து மில்லிவாட் தாராளம். அந்த ஓர் இரவை ஆம்ப்ளிஃபையரின் விளக்கப் புத்தகம் கணக்கில் சேர்ப்பதில்லை. தொழிற்சாலை விதிகளும் சேர்க்கவில்லை.