வெப்பக் காற்றில் சுழன்ற சக்கரம்

பால்மாப் பேணி, பலூன் துண்டு, துவிச்சக்கரவண்டிக் கம்பி, பழைய இறுவட்டு. குப்பைக்குப் போகவேண்டிய இவற்றைக் கொண்டு, மெழுகுதிரிச் சூட்டில் சுழலும் இயந்திரமொன்றை வீட்டிலேயே ஆக்கலாம். அடைபட்ட காற்று சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

இதன் மூலவர் ஸ்கொட்லாந்துத் தேவாலயப் போதகரான றொபேட் ஸ்ரேர்லிங். 1816 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 25. நீராவிக் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டுகொண்டிருந்த காலம் அது. ஸ்ரேர்லிங்கின் இயந்திரத்துக்கோ கொதிகலனே வேண்டியதில்லை. 1818 இல் அயர்ஷயர் கற்குவாரியொன்றில் அது நீர் இறைத்தது. 1843 இல் அவரது தம்பி ஜேம்ஸ் டண்டீ வார்ப்பாலையில் பெரியதொன்றை இயக்கினார். ஓயாத வெப்பத்தை அதன் உருளைகள் தாங்கவில்லை. 1847 இல் நீராவியே மீண்டும் வந்தது. அக்கால இரும்புதான் தோற்றதென்பேன்.

1930களில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் அதனைத் தூசுதட்டி எடுத்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் வானொலிப் பெட்டிகளை இயக்க, ஓசை குறைந்த சிறு இயந்திரமொன்று அதற்குத் தேவைப்பட்டது.

இதை வாசித்தபோது என் மனம் யாழ்ப்பாணத்துக்கே ஓடியது. 1990 இன் பின் மின்சாரமின்றி, பொருளாதாரத் தடையால் பற்றரியுமின்றித் தவித்த மக்கள், துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அவர்களிடம் ஆய்வுகூடம் இருக்கவில்லை, தேவை இருந்தது. கைவலிக்கச் சுற்றியேனும் செய்தி கேட்ட அந்த மக்களைவிட, என் தொழிலுக்குப் பெரிய மரியாதை செய்தவர்கள் எவருமில்லை.