ஹெலிகாப்டர் தொழிலும் அதன் சங்கமும்

குடிமக்கள் பயன்பாட்டுக்கான முதல் ஹெலிகாப்டர் சான்றிதழ் 1946 மார்ச்சில் அமெரிக்காவில் பெல் 47 என்ற ஊர்திக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டுகள் முடிவதற்குள், 1948 டிசம்பரில், கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில் ஹெலிகாப்டர் இயக்கும் நிறுவனத்தார் சிலர் கூடிச் சங்கம் கண்டனர். ஓடுபாதையே வேண்டாத ஊர்திக்கு, ஓடுபாதையை நம்பிய விமானங்களை மனத்தில் வைத்து எழுதிய விதிகள் பல இடங்களில் பொருந்தவில்லை. அதை அரசிடம் எடுத்துச்சொல்ல, தனித்தனியே போட்டியிட்டவர்களுக்கு ஒரு பொதுக்குரல் தேவைப்பட்டது. 1981 முதல் ஹெலிகாப்டர் அசோசியேஷன் இன்டர்நேஷனல் என வழங்கிய அச்சங்கம், மின்சாரத்தில் செங்குத்தாக எழும் புதிய ஊர்திகளையும் உட்கொண்டு, 2024இல் வெர்ட்டிகல் ஏவியேஷன் இன்டர்நேஷனல் எனப் பெயர் மாறியது. ஆண்டுதோறும் அது நடத்தும் கண்காட்சி, உற்பத்தியாளரும் வாங்குவோரும் சந்திக்கும் பெருஞ்சந்தை.

உறுப்பினருக்காக வாதாடுவது எளிது. உறுப்பினரைத் திருத்துவதே கடினம். இந்த இரண்டாவது வேலையைக் கொண்டுதான் ஒரு சங்கத்தை எடைபோட வேண்டும். விபத்து வீதத்தைப் பத்தாண்டுகளில் 80 விழுக்காடு குறைக்கும் இலக்குடன் 2000களின் நடுவில் தொடங்கிய பன்னாட்டுப் பாதுகாப்பு முயற்சியில் இச்சங்கம் முன்னின்றது. வானிலை கெட்டாலோ எரிபொருள் குறைந்தாலோ வயல்வெளியிலாவது இறங்கிவிடுமாறு விமானிகளை வற்புறுத்தும் இயக்கத்தையும் நடத்தியது. எங்கும் இறங்கவல்ல ஊர்தி இறங்காமலே மோதி அழிவது இத்தொழிலின் பழைய துயரம்.

இரைச்சல் இன்னும் சிக்கலானது. ஹெலிகாப்டர் தாழ இறங்கும்போது, முன்சென்ற சுழல்தகடு விட்டுப்போன காற்றுச்சுழியில் அடுத்த தகடு மோதுவதால் அடிப்பது போன்ற ஓசை எழுகிறது. உயரத்தில் பறப்பது, இறங்கும் வேகத்தைச் சரிசெய்வது, குடியிருப்புகளைச் சுற்றிப்போவது ஆகிய வழிகளால் அதைத் தணிக்கலாம். இவற்றைத் தொகுத்து, அண்டை அயலாருக்கு இசைவாகப் பறக்கும் முறை என்று சங்கம் விமானிகளுக்குக் கற்பித்தது. கட்டாயம் எதுவும் இல்லை. எல்லாம் விருப்பத்தைப் பொறுத்தது.

அந்த விருப்பத்தின் எல்லை நியூயார்க்கில் தெரிந்தது. லாங் ஐலண்டின் வடகரையோரம் கடல்மேல் செல்லும் வழியை, குடியிருப்போரின் புகார்களை அடுத்து, கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2012இல் கட்டாயமாக்கியது. தரையிலிருப்போரின் இரைச்சல் தொல்லைக்காக மட்டும் வான்வழியை விதிக்க அதிகாரம் இல்லை என்று சங்கம் வழக்குத் தொடுத்தது. 2013இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காமல் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.